பழைய துறைமுகக் கரைக்குப் புதிய கட்டடமே உயிர்

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்த எதிரணி அன்பர்களே, என் அணித் தோழர்களே, அவை நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"வரலாற்றுப் பெருமை மிக்க நகரத்தின் நீர்க்கரை மறுவாழ்வு பெறுவது பழமையை அப்படியே பேணுவதாலா, புதிய அடையாளக் கட்டடங்களை எழுப்புவதாலா?" இது இன்றைய தலைப்பு. புதிய கட்டடங்களை எழுப்புவதால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம் யுனெஸ்கோ தந்த உலகப் பாரம்பரியப் பட்டத்தை இழந்த கதையைச் சொன்னார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இசை அரங்கம் விழுங்கிய பணத்தைச் சொன்னார். ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தை மீட்டது அருங்காட்சியகம் இல்லை, ஆற்றைச் சுத்தம் செய்ததும் மெட்ரோ ரயில் விட்டதும்தான் என்றார். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன், அவர் தொடாமல் விட்ட ஒரு கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கரைகள் எல்லாம் ஏன் காலியாயின?

1956 ஏப்ரல் 26ஆம் தேதி அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனை நோக்கி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் கிளம்பியது. அதன் மேல்தளத்தில் 'கன்டெய்னர்' என்ற பெரிய சரக்குப் பெட்டிகள் 58 இருந்தன. லாரித் தொழில் நடத்திய மால்கம் மக்லீன் என்பவரின் யோசனை அது. மூட்டைகளையும் பீப்பாய்களையும் ஒவ்வொன்றாக ஏற்றினால் டன்னுக்கு ஏறத்தாழ 6 டாலர் ஆகும் கூலி, பெட்டியாகத் தூக்கி வைத்தபோது 16 சென்ட்டுக்கு இறங்கியது. அதன் பிறகு உலகத்தின் துறைமுகங்கள் எல்லாமே மாறின. கன்டெய்னர் கப்பலுக்கு ஆழமான தண்ணீர் வேண்டும், பெட்டிகளை அடுக்கப் பரந்த வெளி வேண்டும். நகரத்தின் நடுவில் இருந்த பழைய துறைகளில் இரண்டும் கிடையாது. துறைமுகம் கடலை நோக்கி விலகிப் போனது. லண்டனின் துறைகள் 1967இல் தொடங்கி 1981க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. லிவர்பூலின் ஆல்பர்ட் டாக் என்ற கப்பல்துறை 1972இல் மூடப்பட்டது. கப்பல் நின்ற இடத்தில் சேறு ஏறிக் கிடந்தது. சுமை தூக்கியவர்கள், கிடங்குக் கணக்கர்கள், கயிறு திரித்தவர்கள், தேநீர் விற்றவர்கள் என அத்தனை பேரின் பிழைப்பும் அதோடு போயிற்று.

பேணுங்கள் என்கிறீர்கள். எதைப் பேணுவது, ஐயா? சுவரைப் பேணலாம், கூரையைப் பேணலாம். அந்தச் சுவருக்குள் நடந்த வேலையை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கரைக்கு மக்கள் வந்தது வேலைக்காக. அந்த வேலை போன பிறகு, அவர்கள் திரும்பி வர ஒரு புதிய காரணம் தேவைப்படுகிறது. அந்தக் காரணத்தைக் கட்டித் தர வேண்டும் என்பதுதான் எங்கள் அணியின் கட்சி.

ஆல்பர்ட் டாக்கையே மீட்டார்களே என்று எதிரணியில் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும். மீட்டார்கள், மகிழ்ச்சி. 1846இல் மரமே இல்லாமல், வார்ப்பிரும்பும் செங்கல்லும் கருங்கல்லும் கொண்டு, தீப்பிடிக்காத கிடங்காகக் கட்டப்பட்ட அற்புதம் அது. 1988இல் அதற்குள் டேட் கலைக்கூடம் வந்தது. உள்ளே மாற்றி அமைத்தவர் ஜேம்ஸ் ஸ்டெர்லிங் என்ற நவீன கட்டடக் கலைஞர். அப்படிப்பட்ட கிடங்கை இடிக்கச் சொல்கிறவர் எங்கள் அணியில் யாரும் இல்லை. ஆனால் எல்லாக் கரையிலும் ஆல்பர்ட் டாக் இருக்கிறதா? பெரும்பாலான பழைய துறைகளில் மிஞ்சியிருப்பது தகரக் கொட்டகையும், துருப்பிடித்த தண்டவாளமும், வண்டி நிறுத்தும் வெற்றிடமும், எண்ணெய் ஊறிய மண்ணும்தான். அந்த வெற்றிடத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். அதை விட்டுவிட்டு, இருக்கிற நாலைந்து அழகிய கிடங்குகளை மட்டும் காட்டி முழுக் கரைக்கும் தீர்ப்புக் கேட்பது நியாயமில்லை.

இப்போது லிவர்பூலுக்கே வருகிறேன். எதிரணித் தலைவர் அந்த நகரத்தின் 'மூன்று எழிலரசிகள்' என்ற கட்டட வரிசையை உருகி உருகி வர்ணித்தார். லிவர்பூல் துறைமுகக் கட்டடம், 1907. ராயல் லிவர் கட்டடம், 1911. குனார்ட் கட்டடம், 1917. எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் அவை எதன் மேல் நிற்கின்றன என்று அவர் சொல்லவில்லை. 1771இல் திறக்கப்பட்ட ஜார்ஜஸ் டாக் என்ற கப்பல்துறையை மூடி, மண் நிரப்பி, அந்த நிலத்தின் மேல்தான் மூன்றையும் கட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கப்பல்கள் வந்து போன ஒரு துறையை அழித்துத்தான் இன்று நாம் பாரம்பரியம் என்று கையெடுத்துக் கும்பிடுகிற அந்த வரிசை பிறந்தது. அதிலும் ராயல் லிவர் கட்டடம் என்ன? அந்தக் காலத்துக்குப் புத்தம் புதிய தொழில்நுட்பமான கம்பி போட்ட கான்கிரீட்டில் எழுந்த கோபுரம். ஏறத்தாழ 98 மீட்டர் உயரம். அன்றைக்கு ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த கட்டடங்களில் ஒன்று. இன்றைய எதிரணித் தலைவர் 1908இல் இருந்திருந்தால் அந்தக் கட்டடத்தை எதிர்த்தே வாதாடியிருக்க வேண்டும், நடுவர் அவர்களே. அவர் சொன்ன கொள்கைப்படி வேறு வழியே இல்லை. அவர் வென்றிருந்தால் இன்று அவர் வர்ணிக்க அந்த மூன்றும் இருந்திருக்காது.

சரி, பட்டம் பறிபோனதே? ஆம், போனது. 2004இல் கிடைத்தது, 2012இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள், 2021இல் நீக்கினார்கள். எதனால்? யுனெஸ்கோ காட்டிய காரணங்களில் பெரியது 'லிவர்பூல் வாட்டர்ஸ்' என்ற திட்டம். பழைய வடக்குத் துறைகளின் மேல் குடியிருப்பு அடுக்குகளும் அலுவலகக் கோபுரங்களும் கூட்டம் கூட்டமாக எழுப்பும் திட்டம். இன்னொன்று பிராம்லி மூர் துறையை நிரப்பிக் கட்டிய கால்பந்து மைதானம். மைதானத்தைப் பற்றி நல்லவர்கள் இரு பக்கமும் வாதாடலாம். ஆனால் ஜன்னல் வழியே தண்ணீர் தெரியும் என்று சொல்லி விற்பதற்காக எழும் அடுக்குமாடிகளை எங்கள் அணியின் கணக்கில் எழுதாதீர்கள். அவற்றை அடையாளக் கட்டடம் என்று யாரும் அழைத்ததில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பட்டத்தை 2009இல் இழந்ததும் இதே போலத்தான். அங்கே பட்டத்தைப் பறித்தது ஒரு நான்கு வழிச் சாலைப் பாலம். கரைகளைக் கெடுப்பது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் சாலை போடுகிறவர்களும் மனை விற்கிறவர்களும்தான்.

இதற்கு எதிரான சாட்சியும் இருக்கிறது. ஹாம்பர்க்கின் ஷ்பைஷர்ஷ்டாட் என்ற செங்கல் கிடங்கு வட்டாரத்தை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஆண்டில், அந்தக் கிடங்குகளுக்குப் பக்கத்திலேயே, எதிரணித் தலைவர் வைது தீர்த்த எல்ப்ஃபில்ஹார்மோனி இசை அரங்கம் 110 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி அலையாக ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. பழமைக்குப் பட்டம் தருகிறவர்கள் அதைப் பார்த்த பிறகுதான் பட்டம் கொடுத்தார்கள்.

அடுத்து சிட்னி. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். இந்த வழக்கின் முழுச் சாட்சியும் அந்த ஒரு முனையில் கிடக்கிறது.

சிட்னி துறைமுகத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பெனலாங் முனை முதலில் கடிகல் மக்களின் நிலம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் சிப்பி தின்று போட்ட ஓடுகள் அங்கே குவிந்து கிடந்தன. வந்தேறிய ஆங்கிலேயர் அந்த ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். பிறகு அங்கே மக்குவாரி கோட்டை எழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையை இடித்து டிராம் பணிமனை கட்டினார்கள். 1958இல் பணிமனையை இடித்தார்கள். எந்த அடுக்கைப் பேணச் சொல்கிறது எதிரணி? கடிகல் மக்களின் சிப்பி மேட்டையா, கோட்டையையா, டிராம் கொட்டகையையா? பழமையைப் பேணுவோம் என்பது கேட்க எளிது. எந்த நாளின் பழமை என்று கேட்டவுடன் அந்த வாதம் தடுமாறிவிடுகிறது. காரணம், கரை என்பது ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கு மாற்றி எழுதிக்கொண்டே வந்த இடம்.

அந்த முனையில் ஓபரா என்ற இசை நாடகத்துக்கு ஓர் அரங்கம் கட்ட உலகளாவிய வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். 233 வரைபடங்கள் வந்தன. 1957இல் டென்மார்க்கைச் சேர்ந்த, அதுவரை பெரிதாக யாருக்கும் தெரியாத யோர்ன் உட்சன் வென்றார். அவர் வரைந்த கூரையை எப்படிக் கட்டுவது என்று அன்றைக்கு உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் தேடி, கூரையின் எல்லா வளைவுகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். செலவு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கி 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. 1966இல் அரசோடு சண்டை முற்றி உட்சன் விலகினார். 1973இல் அரசி திறந்துவைத்தார். 2008இல் இறக்கும்வரை, முடிந்த கட்டடத்தை உட்சன் நேரில் வந்து பார்க்கவே இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஆனால் இறப்பதற்கு ஓராண்டு முன், 2007இல், அவருடைய கட்டடம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. கட்டியவர் உயிரோடு இருக்கும்போதே பாரம்பரியம் ஆனது, நடுவர் அவர்களே! பாரம்பரியம் என்பது பழையவர்கள் விட்டுப் போனது மட்டும் என்றால் இதற்கு என்ன பதில்?

இன்னொன்று. அதே 1958இல், அந்த முனைக்குப் பக்கத்தில் இருக்கும் சர்குலர் கீ என்ற பழைய படகுத்துறையின் தலைக்கு மேல், கேஹில் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. நகரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே தூண் நட்ட மேம்பாலம். அதுவும் நவீனமானதுதான், அந்தத் தலைமுறை கட்டியதுதான். அடையாளம் எதையும் விட்டுப் போகும் ஆசை இல்லாத, வெறும் பயன்பாட்டுக்கான கட்டுமானம். இன்று ஓபரா அரங்கம், மேம்பாலம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரைக்கு எது கேடு, எது கொடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் இதே மாதிரி ஈரடுக்கு மேம்பாலம் ஒன்று, 1898இல் கட்டிய படகுத்துறைக் கட்டடத்தை மறைத்துக்கொண்டு நின்றது. 1989 நிலநடுக்கம் அதை உடைத்த பிறகுதான் அந்த நகரம் தன் கரையைத் திரும்பப் பார்த்தது.

செலவைப் பற்றி எதிரணித் தலைவர் கடுமையாகப் பேசினார். நான் அதை மழுப்பப் போவதில்லை. ஹாம்பர்க் இசை அரங்கத்தில் நகரத்தின் பங்கு 7 கோடியே 70 லட்சம் யூரோ என்று தொடங்கியது. கடைசியில் 78 கோடியே 90 லட்சம் ஆனது. அது மக்களின் வரிப்பணம். கோபப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எதனால் ஆனது? வரைபடம் முடிவதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டு வேலையைத் தொடங்கினார்கள். சிட்னியிலும் அதே கதை: கூரையின் வடிவம் தீர்மானம் ஆகும் முன்பே 1959இல் அடித்தளத்தைக் கட்டத் தொடங்கி, பிறகு தூண்கள் தாங்காது என்று திருத்திக் கட்டினார்கள். தேர்தல் தேதிக்காக அவசரப்பட்ட அரசியல்வாதிகள் செய்த குற்றத்தைக் கட்டடத்தின் தலையில் கட்டுவது சரியில்லை. நார்வேயின் ஆஸ்லோ நகரத்தைப் பாருங்கள். அங்கே ஓபரா அரங்கத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 440 கோடி குரோனர். அதற்குள்ளேயே, சொன்ன நாளுக்கு முன்பே முடித்தார்கள். 2008இல் திறந்தார்கள்.

ஆஸ்லோவைத் தொட்டதால் இதையும் சொல்கிறேன், இதுதான் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான சாட்சி. பியோர்விகா என்ற அந்த இடத்தில் முன்பு கன்டெய்னர் முற்றமும் பெருஞ்சாலையும் இருந்தன. நகரத்து மக்கள் அங்கே போய்க் கடலைத் தொட முடியாது. ஸ்னோஹெட்டா என்ற கட்டடக் கலைஞர் குழு, வெள்ளைப் பளிங்குக் கூரையைச் சரிவாக இறக்கி, தண்ணீருக்குள்ளேயே கொண்டுபோய் விட்டது. அந்தக் கூரை மேல் யாரும் நடக்கலாம். டிக்கெட் வேண்டாம். ஓபராவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள், வேலையில்லாத இளைஞர், பேரனைத் தோளில் தூக்கிய தாத்தா, எல்லோரும் ஏறலாம், உட்காரலாம், இறங்கிக் கடலில் கால் நனைக்கலாம். 2010இல் பெருஞ்சாலையைக் கடலுக்கடியில் சுரங்கத்துக்குள் அனுப்பினார்கள். ஓபராவின் ஆடம்பரம் யாருக்கு என்று எதிரணி கேட்கிறது. கூரை எல்லோருக்கும் என்பதே அதற்குப் பதில்.

பிரான்ஸின் மார்செய் நகரத்தில் 2013இல் முசெம் அருங்காட்சியகம் வந்தது. கான்கிரீட்டில் பின்னிய வலை போர்த்திய ஒரு சதுரப் பெட்டி. அதன் மொட்டைமாடியிலிருந்து தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய நடைபாலம் போய், 17ஆம் நூற்றாண்டின் செயின்ட் ஜான் கோட்டையைத் தொடுகிறது. அந்தக் கோட்டை காலங்காலமாக ராணுவத்திடம் இருந்தது. ஊர் மக்கள் உள்ளே போனதில்லை. அதை மக்களுக்குத் திறந்துவிட்டது இந்தப் புதிய கட்டடம். பழமையைக் கொல்ல வருகிறது என்று நீங்கள் பயப்படும் அந்தப் புதுமைதான், மூடிக் கிடந்த பழமையின் கதவைத் திறந்தது.

பில்பாவோவுக்குப் பதில் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஆற்றைச் சுத்தம் செய்தார்கள், உண்மை. 1995இல் மெட்ரோ விட்டார்கள், உண்மை. துறைமுகத்தைக் கடல்வாய்க்கு மாற்றினார்கள், அதுவும் உண்மை. இவை எல்லாம் இல்லாமல் 1997இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம் மட்டும் அந்த நகரத்தை மீட்டிருக்காது என்று எதிரணி சொன்னால், நான் கைகொடுத்து ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மெட்ரோவையே பாருங்கள். நிலையங்களை வடிவமைத்தவர் நார்மன் ஃபாஸ்டர் என்ற நவீன கட்டடக் கலைஞர். நவீனக் கட்டடக் கலையை எதிர்க்க எதிரணி அழைத்து வந்த சாட்சியே நவீனக் கட்டடக் கலையின் பிள்ளை! அருங்காட்சியகமும் எந்தப் பழைய கட்டடத்தின் கழுத்தையும் நெரிக்கவில்லை. செத்துப்போன தொழில் நிலத்தின் மேல்தான் எழுந்தது. முதல் ஆண்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். நகரத்தின் பழைய தெருக்கள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. வந்தவர்கள் அங்கேயும் போகிறார்கள்.

நடுவர் அவர்களே, காலியான கரை காலியாகவே இருக்காது. அதன் மண்ணுக்கு விலை இருக்கிறது. பொதுக் கட்டடம் வராவிட்டால், வேலியும் வாயிற்காவலரும் கொண்ட தனியார் குடியிருப்பு வரும். பேணுவோம் என்று சொல்லி முடிவெடுக்காமல் பல ஆண்டுகள் தள்ளிப்போடும் நகரங்களில், கூரை ஒழுகி, சுவர் சாய்ந்து, "இனி இதைக் காப்பாற்ற முடியாது" என்று ஒரு பொறியாளர் கையெழுத்துப் போடும் நாளுக்காகவே சிலர் காத்திருக்கிறார்கள். அந்த நாளில் பாரம்பரியத்துக்காக அழுகிறவர்களால் எதையும் தடுக்க முடியாது. ஒரு நகரம் தன் கரையில், தன் பணத்தில், உலகத்திலேயே சிறந்த கையால் ஒரு கட்டடத்தை எழுப்பும்போது, இந்த நிலம் எங்கள் எல்லோருக்கும் சொந்தம் என்று பத்திரம் எழுதுகிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தை யாருக்கும் விற்க எந்த மேயருக்கும் துணிவு வராது.

ஆகவே எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தாருங்கள். தரும்போது நிபந்தனை போட்டே தாருங்கள், நாங்கள் வரவேற்கிறோம். வடிவத்தைத் திறந்த போட்டியில் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வரைபடம் முடியும்வரை ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது என்று எழுதுங்கள். உறுதியாக நிற்கும் பழைய கிடங்கு இருந்தால், ஆல்பர்ட் டாக்கில் செய்தது போல அதையும் சேர்த்துக்கொண்டுதான் கட்ட வேண்டும் என்று எழுதுங்கள். இடம் தவறு என்றால் மாற்றச் சொல்லுங்கள்: ஸ்டாக்ஹோம் நகரத்தில் துறைமுகத்துப் பழைய சுங்கத்துறைக் கட்டடத்தை இடித்துக் கட்டவிருந்த நோபல் மையத்தை 2018இல் நீதிமன்றம் நிறுத்தியது, அவர்கள் திட்டத்தைக் கைவிடாமல் ஸ்லுஸன் என்ற வேறு இடத்துக்குப் புதிய வடிவத்தோடு போனார்கள். அது நல்ல வழி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை எழுதுங்கள்: எந்தக் கட்டடம் எழுந்தாலும், டிக்கெட் வாங்காத ஒருவர் அதன் வழியே நடந்து தண்ணீர் விளிம்புவரை போக முடிய வேண்டும். முடியாத கட்டடத்துக்கு அனுமதி மறுங்கள். அந்த மறுப்பை எதிர்த்து எங்கள் அணியிலிருந்து ஒருவரும் எழுந்து பேச மாட்டோம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.